காப்புறுதிக்கு மாதம் எவ்வளவு போகிறது? பாதுகாப்பை இழக்காமல் செலவைக் குறைப்பது எப்படி?

சம்பளம் வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. வங்கிச் செயலியைத் திறந்தால் ஜைரோ வழியாக 180 வெள்ளி, 95 வெள்ளி, 62 வெள்ளி என்று வரிசையாகப் போயிருக்கும். ஒன்று, நீங்கள் படிக்கும்போதே அம்மா எடுத்துக் கொடுத்த பாலிசி. இன்னொன்று, தேசிய சேவை முடிந்த கையோடு நண்பனின் நண்பர் ஒருவர் காப்பி வாங்கிக் கொடுத்து விற்றது. மூன்றாவது எதற்கு என்றே நினைவில்லை.

"எதுக்கு இவ்வளவு கட்டுறேன்? ரெண்டை நிறுத்திட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். விலைவாசி ஏறும்போது முதலில் கண்ணில் படுவது இந்தச் சந்தாக்கள்தான். இதுவரை ஒருமுறைகூட அதிலிருந்து நமக்குப் பணம் வந்திருக்காது அல்லவா?

ஆனால் எதை நிறுத்துவது என்பதைவிட, எந்த வரிசையில் நிறுத்துவது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பாலிசியை ரத்து செய்துவிட்டு "அடுத்த மாதம் மலிவாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம்" என்று விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மாதத்துக்குள் வேலையிடத்தில் செய்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு கூடுதல் என்று வந்துவிட்டால்? புதிய நிறுவனம் உங்களைச் சேர்க்க மறுக்கலாம். சேர்த்தாலும், "நீரிழிவு தொடர்பான எதற்கும் பணம் தர மாட்டோம்" என்று நிபந்தனை போடலாம். பழைய பாலிசிக்கும் திரும்ப முடியாது. நம் குடும்பங்களில் நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் புதிய செய்தியா என்ன!

ஆகவே ஒரு சனிக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

நீங்கள் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், ஒரு முகவரைக்கூடச் சந்திக்காமலேயே சில காப்புறுதிகள் உங்களுக்கு உண்டு. பலருக்கு இது தெரியாது. தெரியாததால் அதையே மறுபடியும் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

முதலாவது, மெடிஷீல்டு லைஃப். 2015 நவம்பரில் தொடங்கியது. எந்த நோய் இருந்தாலும், எந்த வயதானாலும் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு. சந்தாவை முழுமையாக மெடிசேவ் கணக்கிலிருந்தே கட்டலாம். 2025 ஏப்ரல் முதல் ஓராண்டில் கோரக்கூடிய அதிகபட்சத் தொகை 200,000 வெள்ளி. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அரசாங்க மருத்துவமனைகளின் பி2, சி வகுப்பு வார்டுகளில் மானியத்துடன் வரும் பில்லை மனத்தில் வைத்து வடிவமைத்த திட்டம் இது. தனியார் மருத்துவமனைக்குப் போனால் பில்லின் சிறு பகுதிக்குத்தான் அது உதவும்.

இரண்டாவது, சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம். 21 வயதுக்கு மேல் வேலைக்குச் சேர்ந்து முதல் மத்திய சேம நிதிச் சந்தா கட்டும்போது தானாகவே இதில் சேர்ந்துவிடுவீர்கள். மரணம், குணப்படுத்த முடியாத இறுதிக்கட்ட நோய், முழு நிரந்தர உடற்குறை ஆகியவற்றுக்கு 60 வயது வரை 70,000 வெள்ளி கிடைக்கும். 34 வயது வரை ஆண்டுச் சந்தா எவ்வளவு தெரியுமா? 18 வெள்ளி. அதுவும் மசேநி கணக்கிலிருந்து போகும். வேண்டாம் என்று விலகிக்கொள்ளவும் முடியும். ஆனால் ஆண்டுக்கு 18 வெள்ளியை மிச்சம் பிடிக்க இதை விடுவது, பேருந்துக் காசை மிச்சப்படுத்தச் செருப்பைத் தேய்த்த கதைதான்.

மூன்றாவது, கேர்‌ஷீல்டு லைஃப். 1980 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் 30 வயதில் கட்டாயமாக இதில் சேர்வார்கள். குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் தாமாகச் செய்ய முடியாத நிலை வந்தால், அந்த நிலை நீடிக்கும்வரை மாதந்தோறும் பணம் வரும். இதன் சந்தாவும் மெடிசேவிலிருந்துதான்.

வீவக வீட்டுக்கடனை மசேநியைக் கொண்டு கட்டுகிறீர்களா? அப்படியென்றால் வீட்டுப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கும். கடன் குறையக் குறையக் காப்புறுதித் தொகையும் குறையும். 65 வயது வரை அல்லது கடன் தீரும்வரை. உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பம் வீட்டை இழக்காமல் இருக்கத்தான் இது. திருமணம் முடித்து வீடு வாங்கியவர்கள், இருவரின் பங்கும் சேர்ந்து குறைந்தது 100 விழுக்காடு இருக்கிறதா என்று பாருங்கள். கணவன் பெயரில் 100, மனைவி பெயரில் எதுவுமில்லை என்றால், மனைவியின் சம்பளமும் கடனுக்குப் போகும் வீட்டில் அது ஓட்டைதான்.

வேலை அனுமதி அட்டையில் இங்கு இருப்பவர்களுக்கு மெடிஷீல்டு லைஃப் கிடையாது. எஸ் பாஸ், வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்போருக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி வாங்கியாக வேண்டும். ஊரிலிருந்து வந்த உறவினர் யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

இவை போக, வேலையிடக் காப்புறுதி. மனிதவளத் துறையிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைச் செலவு எவ்வளவு, மரணத்துக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று அதில் இருக்கும். இருந்தாலும், வேலையை விட்டால் அதுவும் போய்விடும். அதை நம்பி மற்றதையெல்லாம் விட்டுவிட முடியாது. கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எங்கே பார்ப்பது? மசேநி இணையத்தளத்தில் சிங்பாஸ் மூலம் உள்நுழைந்தால் மெடிஷீல்டு லைஃப், ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம், கேர்‌ஷீல்டு லைஃப் ஆகியவற்றின் விவரம் ஒரே பக்கத்தில் தெரியும். மற்ற பாலிசிகளுக்கு வங்கிக் கணக்கின் கடந்த 12 மாத அறிக்கையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போகும் சந்தாக்கள் ஒரு மாத அறிக்கையில் சிக்காது.

ஒரு தாளில் நான்கே விஷயம் எழுதுங்கள். பாலிசியின் பெயர், எது நடந்தால் பணம் தரும், எவ்வளவு தரும், ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள். "எது நடந்தால்" என்ற கட்டத்தை நிரப்ப முடியவில்லையா? அந்த பாலிசியின் நிறுவனத்தைத்தான் முதலில் அழைக்க வேண்டும்.

ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் வருமா?

வராது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மருத்துவமனைச் செலவை ஈடுகட்டும் காப்புறுதி, செலவான தொகைக்கு மேல் தராது. 8,000 வெள்ளி பில்லுக்கு வேலையிடக் காப்புறுதி 6,000 கொடுத்துவிட்டால், உங்கள் சொந்தக் காப்புறுதியில் மிச்சத்துக்குத்தான் கோர முடியும். ஆகவே ஒரே செலவுக்கு இரண்டு, மூன்று திட்டங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் வீண்.

ஆயுள் காப்புறுதியும் கடும் நோய்க் காப்புறுதியும் வேறு ரகம். அவை பில்லைப் பார்ப்பதில்லை. நடக்க வேண்டியது நடந்தால், ஒப்புக்கொண்ட தொகையை மொத்தமாகத் தரும். இரண்டு பாலிசி இருந்தால் இரண்டும் தரும். எனவே இங்கே "இரண்டு இருக்கே, ஒன்றை வெட்டு" என்று அவசரப்படக்கூடாது. இரண்டும் சேர்ந்து உங்கள் தேவைக்குப் போதுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

ரைடரில்தான் அதிகப் பணம் போகிறது

இளையர்கள் பலருக்கு மருத்துவமனைக் காப்புறுதியில்தான் உண்மையான முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் ஏழு பேரிடம் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் உள்ளது. மெடிஷீல்டு லைஃபின் மேல் தனியார் நிறுவனம் சேர்த்துத் தரும் கூடுதல் பாதுகாப்பு அது. அதன்மேல் ரைடர் என்ற இன்னொரு அடுக்கு. பில்லில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கைக் குறைப்பதுதான் ரைடரின் வேலை.

ஒருங்கிணைந்த திட்டத்தின் தனியார் பகுதிக்கு மெடிசேவிலிருந்து ஓரளவுதான் எடுக்க முடியும். 40 வயது வரை ஆண்டுக்கு 300 வெள்ளி. 41 முதல் 70 வரை 600. அதற்கு மேல் 900. மிச்சம் ரொக்கம். ரைடருக்கோ முழுவதும் ரொக்கம்தான், மெடிசேவைத் தொட முடியாது.

25 வயதில் இது சுமையாகத் தெரியாது. சந்தா வயதோடு ஏறும் என்பதுதான் சிக்கல். தனியார் மருத்துவமனைக்கான திட்டமும் ரைடரும் சேர்ந்து, 70 வயதுக்கு மேல் ஆண்டுக்குப் பல ஆயிரம் வெள்ளியைத் தொடும். சம்பளம் நின்றுபோகும் வயதில் அந்தப் பில். அதனால் இந்த ஆண்டுச் சந்தாவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நிறுவனத்தின் இணையத்தளத்தில் வயதுவாரியான சந்தா அட்டவணை இருக்கும். 45, 55, 65, 75 ஆகிய நான்கு வரிகளைப் பாருங்கள். அதுவும் இன்றைய விலைதான், நாளைக்கு ஏறலாம்.

அடுத்து, விதிமுறை மாறியிருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள், டிடக்டிபல் எனப்படும் தொகையை ஈடுகட்டக்கூடாது. அதாவது காப்புறுதி பணம் தரத் தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் ஏற்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை. வார்டு வகுப்பைப் பொறுத்து அது 1,500 முதல் 3,500 வெள்ளி வரை. அதற்குமேல் பில்லில் குறைந்தது 5 விழுக்காட்டை நீங்கள் கட்ட வேண்டும். அந்தப் பங்குக்கான ஆண்டு உச்சவரம்பு முன்பு குறைந்தது 3,000 வெள்ளியாக இருந்தது. புதிய ரைடர்களில் குறைந்தது 6,000.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியார் மருத்துவமனையில் பில் 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரக ரைடரில் உங்கள் பங்கு 5 விழுக்காடு, அதாவது 1,000 வெள்ளி அளவில் முடிந்திருக்கும். புதிய ரகத்தில் முதலில் 3,500. மிச்சமுள்ள 16,500இல் 5 விழுக்காடு 825. மொத்தம் 4,325 வெள்ளி. இதில் ஒரு பகுதியை வரம்புக்கு உட்பட்டு மெடிசேவிலிருந்து கட்டலாம்.

"அப்போ புதுசு மோசமா?" அப்படிச் சொல்ல முடியாது. புதிய ரைடர்களின் சந்தா சராசரியாகச் சுமார் 30 விழுக்காடு குறைவாக இருக்கும் என்று சுகாதார அமைச்சு எதிர்பார்க்கிறது. ஆண்டுதோறும் உறுதியாகக் கட்டும் பணம் குறைகிறது. என்றாவது மருத்துவமனைக்குப் போனால் கட்டும் பணம் கூடுகிறது. கையில் நான்காயிரம், ஐந்தாயிரம் வெள்ளி அவசரச் சேமிப்பு இருக்கிறவருக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகும். சேமிப்பே இல்லாதவருக்கு, ரைடரைக் குறைப்பதற்கு முன் சேமிப்பைத் தொடங்குவது நல்லது.

2025 நவம்பர் 27க்கு முன்பே ரைடர் வாங்கியவர்கள் உடனே எதுவும் செய்யத் தேவையில்லை. பழைய ரைடரில் தொடரலாம். ஆனால் கவனம்: பழைய ரைடரைக் கைவிட்டால் அதே ரகத்தை மறுபடி வாங்க முடியாது, விற்பனையே நின்றுவிட்டது.

இன்னொரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கே அறுவைச் சிகிச்சை தேவை என்றால் எங்கே போவீர்கள்? வீட்டில் தாத்தாவும் அப்பாவும் எப்போதும் அரசாங்க மருத்துவமனைக்குத்தான் போனார்கள், நீங்களும் அங்கேதான் போவீர்கள் என்றால், தனியார் மருத்துவமனைத் திட்டத்துக்கு எதற்குக் காசு? அரசாங்க மருத்துவமனையின் ஏ வகுப்பு அல்லது பி1 வகுப்பு வரை ஈடுகட்டும் திட்டம் போதும். சந்தா வித்தியாசம் இளம் வயதில் சிறியதாகத் தோன்றும். வயது ஏற ஏறத்தான் அதன் அளவு தெரியும்.

அதே நிறுவனத்தில் கீழ் வகுப்புக்கு இறங்குவது பொதுவாகச் சுலபம். உடல்நிலையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். மறுபடி மேலே ஏற நினைத்தால் கேட்பார்கள். ஆகவே இறங்குவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கலாம். ஆனால் பயந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் மேலேயே இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆயுள் காப்புறுதி எவ்வளவு இருந்தால் போதும்?

முகவரைக் கேட்டால் "இன்னும் கொஞ்சம்" என்பார். அதைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் ஆதரவில் இயங்கும் மணிசென்ஸ் திட்டம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அடிப்படை நிதித் திட்டமிடல் கையேடு இப்படிச் சொல்கிறது: மரணத்துக்கும் முழு நிரந்தர உடற்குறைக்கும் ஆண்டு வருமானத்தைப்போல் 9 மடங்கு. கடும் நோய்க்கு 4 மடங்கு. காப்புறுதிப் பாதுகாப்புக்குச் செலவழிப்பது, கைக்கு வரும் சம்பளத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

மாதம் 4,000 வெள்ளி சம்பளம் என்றால் ஆண்டுக்கு 48,000. ஒன்பது மடங்கு 432,000. நான்கு மடங்கு 192,000. மசேநி போகக் கைக்கு 3,200 வந்தால், அதில் 15 விழுக்காடு 480 வெள்ளி. அதுதான் உச்சவரம்பு. அத்தனையும் கட்டியே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை.

இந்த மடங்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் சம்பளத்தை நம்பி யார் இருக்கிறார்கள்? அம்மா அப்பா இருவரும் வேலை பார்க்கிறார்கள், தம்பி தங்கை இல்லை, கடனும் இல்லை என்றால் 25 வயதில் 432,000 வெள்ளி ஆயுள் காப்புறுதி அவசரமில்லை. அப்பா ஓய்வுபெற்றுவிட்டார், தங்கை பல்கலைக்கழகத்தில் படிக்கிறார், வீட்டுச் செலவு உங்கள் தலையில் என்றால் கதையே வேறு. நம் சமூகத்தில் இரண்டாவது வகைப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களைத்தான் முதலில் இந்தக் கணக்கைப் போடச் சொல்ல வேண்டும்.

கடும் நோய்க் காப்புறுதி தனியாக வாழ்பவருக்கும் தேவை. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது ஓராண்டு வேலை செய்ய முடியாவிட்டால், மருத்துவமனைப் பில்லை ஷீல்டு திட்டம் பார்த்துக்கொள்ளும். வீட்டு வாடகையை யார் கட்டுவது? சம்பளத்துக்கு மாற்றாக வருவதுதான் இந்தத் தொகை. ஆயுள் காப்புறுதிச் சங்கம் 37 கடும் நோய்களுக்குப் பொதுவான வரையறை வைத்துள்ளது. அவற்றின் கடுமையான கட்டத்துக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பொருள் மாறாது. ஆகவே "எங்கள் திட்டத்தில் 100க்கும் மேற்பட்ட நிலைகள்" என்ற விளம்பரத்தில் மயங்காமல் தொகையையும் சந்தாவையும் ஒப்பிடுங்கள்.

அம்மா எடுத்துக் கொடுத்த பழைய பாலிசியை என்ன செய்வது?

அது பெரும்பாலும் முழு ஆயுள் காப்புறுதியாகவோ சேமிப்புத் திட்டமாகவோ இருக்கும். காப்புறுதியும் சேமிப்பும் கலந்தது. அதனால்தான் சந்தா அதிகம். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பாதுகாப்புத் தரும் டெர்ம் காப்புறுதியில் சேமிப்பு இல்லை. காலம் முடிந்தால் கையில் எதுவும் வராது. அதனாலேயே அதே தொகைக்குச் சந்தா மிகக் குறைவு. பெரிய தொகை குறைந்த செலவில் வேண்டும் என்றால் டெர்ம்தான் என்பது இந்தக் கட்டுரையாளரின் கட்சி. "கட்டுன காசு திரும்பி வராதா?" என்று அம்மா கேட்பார். வராது. பேருந்துக் கட்டணமும் திரும்பி வருவதில்லை.

அதற்காகப் பழைய பாலிசியை உடனே முறித்துவிடாதீர்கள். முதல் சில ஆண்டுகளில் முறித்தால் கட்டியதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், சில நேரம் எதுவுமே கிடைக்காது. மாறாக, 15, 20 ஆண்டுகள் கட்டி முடியும் நிலையில் உள்ள பாலிசியை இப்போது முறிப்பதும் நஷ்டமாகலாம். தவிர, அது நீங்கள் ஆரோக்கியமாக இருந்தபோது எடுத்தது. அந்த உடல்நிலைக்கு அன்று கொடுத்த விலை, இன்றைக்குக் கிடைக்காது.

நிறுவனத்தை அழைத்து மூன்று எண்களைக் கேளுங்கள்: இன்று முறித்தால் எவ்வளவு? ஐந்து ஆண்டு கழித்து எவ்வளவு? இனிமேல் சந்தா கட்டாமல் குறைந்த தொகையுடன் பாலிசியை மட்டும் தொடர முடியுமா, முடிந்தால் அந்தத் தொகை எவ்வளவு? இந்தக் கடைசி வழியைப் பல திட்டங்கள் அனுமதிக்கின்றன. காப்புறுதித் தொகையைக் குறைத்துச் சந்தாவைக் குறைக்கவும் சிலவற்றில் முடியும். முறிப்பதா, கட்டுவதா என்று இரண்டே வழிதான் என்று நினைக்க வேண்டாம்.

சில்லறை மிச்சங்கள்

மாதச் சந்தாவை ஆண்டுச் சந்தாவாக மாற்றினால் பொதுவாகக் கொஞ்சம் குறையும். புகைபிடிப்பதை நிறுத்தி ஓராண்டுக்கு மேலாகிவிட்டால், புகைபிடிக்காதவருக்கான சந்தாவுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை. ஆண்டில் நான்கைந்து முறை வெளியூர் போகிறவருக்குத் தனித்தனிப் பயணக் காப்புறுதியைவிட ஆண்டுத் திட்டம் மலிவாக வரலாம். மோட்டார்சைக்கிள் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, கோரிக்கை இல்லாததற்கான கழிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார்சைக்கிளுக்கு அது 20 விழுக்காடு வரை, சொந்தக் காருக்கு 50 விழுக்காடு வரை ஏறும். நிறுவனத்தை மாற்றினாலும் அந்தக் கழிவு உங்களோடு வரும்.

வீவக தீக் காப்புறுதி பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாண்டுக்குப் பத்து வெள்ளிகூட ஆகாது. ஆனால் அது ஈடுகட்டுவது கட்டடத்தையும் வீவக பொருத்திக் கொடுத்தவற்றையும்தான். நீங்கள் 40,000 வெள்ளி செலவழித்துச் செய்த சமையலறை அலமாரியும் சோபாவும் அதில் இல்லை. வேறெங்கோ மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சத்தை வீட்டுப் பொருள் காப்புறுதிக்குப் போடலாம்.

மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால்

முதலில் புதியதற்கு விண்ணப்பியுங்கள். உடல்நிலை பற்றிக் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் உண்மையைச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுக்கு முன் பலதுறை மருந்தகத்தில் பார்த்த முதுகுவலியும் உண்மைதான். மறைத்தது பின்னால் தெரிந்தால், பணம் தேவைப்படும் நேரத்தில் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டதா, ஏதாவது நோயை விலக்கி வைத்ததா என்று எழுத்தில் பாருங்கள். கடும் நோய்த் திட்டங்களில் புற்றுநோய், மாரடைப்பு போன்ற சிலவற்றுக்குப் பெரும்பாலும் 90 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. அது முடியும்வரை பழையதைக் கட்டிக்கொண்டிருங்கள். மூன்று மாதம் இரட்டைச் சந்தா வலிக்கத்தான் செய்யும்.

ஷீல்டு திட்டத்தில் இந்த வழி செல்லாது. ஒருவர் ஒரே நேரத்தில் ஓர் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம்தான் வைத்திருக்க முடியும். புதிய நிறுவனத்தின் திட்டம் தொடங்கியதும் பழையது தானாகவே நின்றுவிடும். கண்காட்சியில் பரிசுப்பை கொடுத்துக் கையொப்பம் வாங்கும்போது இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பழைய நிறுவனத்தில் சேர்ந்த பிறகு உங்களுக்கு ஏதாவது நோய் வந்திருந்தால், அது பழைய திட்டத்தில் இருக்கும், புதியதில் விலக்கப்படலாம். அப்படிப்பட்டவர்கள் நிறுவனம் மாறாமல் அதே இடத்தில் வகுப்பையோ ரைடரையோ குறைப்பதுதான் பாதுகாப்பானது. தனியார் திட்டம் என்ன ஆனாலும் மெடிஷீல்டு லைஃப் போகாது என்பது மட்டும் ஆறுதல்.

புதிய ஆயுள் பாலிசி கைக்கு வந்த பிறகு குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 14 நாளில் உண்மையிலேயே படியுங்கள்.

முகவர் மாமாவாக இருந்தால்?

சிங்கப்பூரில் நமக்குக் காப்புறுதி விற்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். மாமா, அக்காவின் தோழி, கோயிலில் பார்க்கும் அண்ணன். "வேணாம்" என்று சொல்வது சங்கடம். அவர்களில் நல்லவர்கள் நிறைய. மருத்துவமனையில் படுத்திருக்கும்போது படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஓடி வருபவரும் அவர்தான்.

ஆனாலும், பழையதை முறித்து அவரிடமே புதியது எடுக்கச் சொன்னால், "மாமா, மாத்தினா எனக்கு என்ன நஷ்டம்னு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். புதிய பாலிசியோடு வரும் பலன் விளக்க ஆவணத்தில் விநியோகச் செலவு என்று ஒரு பத்தி இருக்கும். நீங்கள் கட்டும் பணத்தில் விற்பனைக்கு எவ்வளவு போகிறது என்று அதில் தெரியும். சேமிப்பு கலந்த திட்டங்களில் அந்த எண் பலரை வியக்க வைக்கும்.

ஆலோசனை தேவையில்லை, என்ன வேண்டும் என்று எனக்கே தெரியும் என்றால், கம்பேர்ஃபர்ஸ்ட் இணையத்தளத்தில் நிறுவனங்களின் விலையை ஒப்பிடலாம். நாணய ஆணையமும் பயனீட்டாளர் சங்கமும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் சேர்ந்து 2015இல் தொடங்கியது அது. தரகு இல்லாத நேரடிக் கொள்முதல் காப்புறுதியும் உண்டு. ஒரு நிறுவனத்திடம் 400,000 வெள்ளி வரை வாங்கலாம். அதில் முழு ஆயுள் காப்புறுதி 200,000 வரை. ஆலோசகர் இல்லாததால், தவறாகத் தேர்ந்தெடுத்தால் பொறுப்பு உங்களுடையது. மாமா விலையையாவது இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேலை, காசு செலவில்லாதது. மசேநிக்கு நீங்கள் செய்த நியமனம் தனியார் பாலிசிகளுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பாலிசிக்கும் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக எழுத வேண்டும். பல பாலிசிகளில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கும், அல்லது திருமணத்துக்கு முன் எழுதிய பெயர் இருக்கும். நீங்கள் எழுதிய அந்தத் தாளை மடித்து, வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள்.